நான்கு புள்ளிகளும் ஒரு ரயில் கதவும்

1

போன மாதம் அவிநாசியில் நடந்த ஒரு கல்யாணத்தில் நான் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மல்லிகா சொல்லித்தான் அது எனக்கே தெரியும்.

மல்லிகாவும் நானும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினோரு வருஷம் செக்கிங் மேஜையில் எதிரெதிரே நின்றவர்கள். கம்பெனி மாறும், மேஜை மாறும், ஜோடி மாறாது. கடைசியாகப் பெருமாநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தோம். நான் இங்கிலாந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். வாரத்துக்கு மூன்று குரல் செய்தியாவது அவளிடமிருந்து வந்துவிடும். அன்றைக்குப் பந்தியில் யாரோ ஓர் உறவுக்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபடியே அனுப்பியிருந்தாள்.

"ஒரம்பரைக்கார அம்மா ஒண்ணு பக்கத்து எலையில உக்காந்துட்டு சொல்லுது புள்ள, நம்ம சாந்தி லண்டன்ல ட்ரெயின் ஓட்டறாளாமா. ரெண்டு மாடி ட்ரெயினாமா. நானும் ஆமாங்கன்னு தலையாட்டிப் போட்டேன். பாயசம் வர்ற நேரத்துல எதுக்குப் புள்ள வம்பு?"

நான் இருப்பது லண்டன் இல்லை, லெஸ்டர். இங்கே ரயிலுக்கு மாடி கிடையாது. நான் விண்ணப்பித்தது ஓட்டுகிற வேலைக்கும் இல்லை. எல்லாவற்றையும்விட, அந்தக் கல்யாணத்தன்று எனக்கு வேலை கிடைத்திருக்கவே இல்லை. ஒரு தரம் பரீட்சையில் தோற்று, இரண்டாவது தரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். அந்த ரயில் கம்பெனியில் ஒருவருக்கு இரண்டு தரம்தான். இரண்டாவதும் போனால் அந்தக் கதவு மூடியது மூடியதுதான். கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

வேலையின் பெயர் கார்டு. நம் ஊரில் கார்டு என்றால் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பவர். இங்கே அவர் ஜனங்களுக்கு நடுவிலேயே நடமாடுகிறவர். ஸ்டேஷனில் கதவைத் திறப்பார், மூடுவார், டிரைவருக்கு மணி அடித்துக் கிளம்பலாம் என்று சொல்வார். டிக்கெட் பார்ப்பார். சக்கர நாற்காலிக்குப் பலகை போடுவார். வண்டி ஏன் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வார். மீதி நேரமெல்லாம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் பிடித்து இழுத்தது. நான் வேலை பார்ப்பது ஒரு கிடங்கில். காதில் ஒரு கருவி மாட்டியிருப்பார்கள். அது எந்த அலமாரி, எத்தனை பெட்டி என்று எண்ணாகச் சொல்லும். எடுத்துவிட்டு நான் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக வேலை நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததெல்லாம் எண்கள்தான். திருப்பூரில் என்னை வாயாடி என்று மேஜை மாற்றி மேஜை போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவள் ஓர் இயந்திரத்திடம் "நாப்பத்தி ரெண்டு, ஏழு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

கிடங்குக்குப் போகிற ரயிலில் நரைத்த முடியோடு ஒரு கார்டு அம்மா வருவார். டிக்கெட்டைப் பார்க்கிற சாக்கில் ஆளுக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்வார். ஒரு நாள் என் டிபன் டப்பாவைப் பார்த்து, "வாசனை தூக்குதே, என்ன அது?" என்று கேட்டார். கொள்ளுப் பருப்பு என்று சொல்லி விளக்க ஆரம்பித்தேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டிவிட்டது. இறங்கும்போது சொன்னார்: "நீ இந்த வேலைக்கு வரலாமே. ஆள் எடுக்கிறார்கள்."

2

விண்ணப்பம் என்றால் நம் ஊரில் ஒரு பக்கம். இங்கே அது ஒரு வம்சாவளி. பத்து வருஷத்தில் எங்கெங்கே வேலை பார்த்தாய், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஏன் விட்டாய், நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தால் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், அதற்குச் சாட்சி யார்.

திருப்பூரில் வேலை பார்த்த யாராவது இதற்கு நேர்மையாகப் பதில் எழுத முடியுமா? தீபாவளி லீவுக்கு ஒரு கம்பெனியிலிருந்து போவோம். பொங்கல் முடிந்து வேறொரு கம்பெனியில் நிற்போம். போகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை, எங்கே போனாய் என்று யாரும் கேட்டதுமில்லை. வருஷா வருஷம் அந்த இடைவெளிக்கு நேரே நான் என்ன எழுதுவது?

"ஏன் விட்டாய்னு கேக்கறாங்களே, என்னங்க எழுதறது?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். செந்தில் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவர் வேலைக்கு வந்ததால்தான் நாங்கள் வந்தோம்.

"உண்மையா எதுக்கு உட்டே?"

"மொதக் கம்பெனில ஃபேன் இல்லீங்க. ரெண்டாவதுல வேன் நம்ம வீதிக்குள்ள வராது. மூணாவது... மல்லிகா போனா, நானும் போயிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் முன்னேற்றம் வேண்டினு எழுது."

அப்படியே எழுதினேன். படித்துப் பார்த்தால் நான் பத்து வருஷமும் முன்னேறிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அப்புறம் சாட்சிக் கடிதம். கடைசிக் கம்பெனியில் ஃப்ளோர் மேனேஜராக இருந்த ராஜேந்திரன் அண்ணனுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தேன். இங்கிருந்து கேள்வித்தாள் போய்ச் சேர்ந்த அன்றைக்கே கூப்பிட்டுவிட்டார்.

"ஏனம்மிணி, வெள்ளக்காரன் உன்னையப் பத்தி ரெண்டு பக்கத்துக்குக் கேட்டிருக்கறான். எதாச்சும் வம்புல மாட்டிக்கிட்டியா?"

"இல்லீங்கண்ணா, வேலைக்குங்க. நான் ஒழுங்கா வேலை செஞ்சனான்னு கேக்கறாங்க."

"அதென்ன கேள்வி? செய்யாட்டி இத்தன நாள் வெச்சிருப்பமா? சரி, ஒண்ணு சொல்லு. 'இவரை மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா'ன்னு போட்டிருக்குது. எடுப்பேன்னு எழுதுனா, வெள்ளக்காரன் உன்னையத் திருப்பி அனுப்பிப் போட மாட்டானே?"

கடைசியில் கம்பெனி தாளில் நாலு வரி எழுதி, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு முத்திரை குத்தி அனுப்பினார். நல்ல குடும்பத்துப் பெண், கண் ரொம்பக் கூர்மை, இவள் இல்லாமல் எங்களுக்குக் கஷ்டம் என்று இருந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. என் வேலையைப் பற்றி ராஜேந்திரன் அண்ணன் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே அதுதான் முதல் தடவை. அதையும் வேறு யாருக்கோ எழுதின கடிதத்தில்தான் படித்தேன்.

3

பரீட்சை என்றதும் ரயிலைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். புள்ளிகளைக் கொடுத்தார்கள்.

தாள் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிக் கூட்டங்கள். சிலதில் மூன்று புள்ளி, சிலதில் நான்கு, சிலதில் ஐந்து. நான்கு இருப்பதை மட்டும் பென்சிலால் கோடு போட்டு அடித்துக்கொண்டே போக வேண்டும். "திருப்பு" என்றதும் விட்ட இடத்தில் விட்டுவிட்டு அடுத்த பக்கம். பின்னால் போய்த் திருத்தக் கூடாது. ஒரே மாதிரியான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மனசு எங்கே போகிறது என்று பார்க்கிற பரீட்சையாம். ஆயிரம் தடவை கதவை மூடினவர் ஆயிரத்தொன்றாவது தடவையும் பார்த்து மூட வேண்டுமே.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே மாதிரி வேலையா? என்னிடமா? பதினோரு வருஷமாக வெள்ளைத் துணியில் குண்டூசித் தலை அளவு எண்ணெய்க் கறையைத் தேடின கண்கள் இவை. பக்கத்தில் முன்னாள் தபால்காரர் ஒருவர் பென்சிலைத் திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருந்தார். "ஒன்றும் இல்லை, நிதானமாகச் செய்யுங்கள்" என்று அவருக்குத் தைரியம் வேறு சொன்னேன்.

முடிந்ததும் டயான் என்கிற அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். பரீட்சை நடத்துகிறவர் அவர்தான். முன்பு கார்டாக இருந்தவராம்.

"முதல் இரண்டு பக்கம் பிரமாதம். அப்புறம் என்ன ஆயிற்று?" என்று தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மூன்றாம் பக்கத்திலிருந்து ஒரு நான்கைக்கூட நான் அடிக்கவில்லை. மூன்றையும் ஐந்தையும் ஒன்று விடாமல் அடித்திருந்தேன்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. செக்கிங் தெரியாதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். மேஜையில் பீஸ் வந்து விழும். விரித்து, முன் பக்கம், பின் பக்கம், கை, கழுத்து என்று கண் ஓடும். நல்ல பீஸாக இருந்தால் கை அதை இடது பக்கம் தள்ளிவிடும், அவ்வளவுதான். அதை நாம் பார்த்ததாகக்கூட ஞாபகம் இருக்காது. ஓட்டையோ கறையோ இருந்தால்தான் கண் நிற்கும், அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஸ்டிக்கர் என்றால் டேமேஜ். நல்ல பீஸ் மேல் யாரும் எதையும் ஒட்டியதில்லை. முதல் இரண்டு பக்கம் நான் யோசித்துச் செய்தேன். அப்புறம் வேகம் பிடித்ததும் கை எனக்காகக் காத்திருக்கவில்லை, திருப்பூருக்குப் போய்விட்டது. நான்குதான் சரி என்று சொல்லியிருக்கிறார்கள், சரியானதை எதற்குத் தொட வேண்டும்? தள்ளிவிடு. மூன்றா, ஐந்தா? ஒட்டு ஸ்டிக்கர்.

டயானிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. தாளை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம்" என்றார். "ஆனால் அதுதான் கடைசி."

வீட்டுக்கு வந்து சொன்னதும் செந்தில், "டேமேஜக் கண்டுபிடிக்கறதுதான உன்ற வேலை?" என்றார்.

"அந்த வேலைக்கு நான் போகலீங்களே" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

4

எங்கள் மகள் தாரணிக்குப் பதினாறு வயது. இங்கே வரும்போது பன்னிரண்டு. இப்போது தமிழ் அவளுக்குச் சாப்பாட்டு மேஜை மொழி. "போதும்மா", "காரமா இருக்கு", "ஊருக்குப் பேசணுமா?" என்பதோடு முடிந்துவிடும். மற்றதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம், ஆங்கிலத்தில்.

அவளாகவே கணினியில் புள்ளித் தாள்கள் தயாரித்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். நாலாவது ஞாயிறும் நான் மூன்றாம் பக்கத்தில் அதே தப்பைச் செய்தேன்.

"அம்மா, நீ எப்பவுமே இப்படித்தான்."

"எப்படி?"

"நான் ஸ்கூல்ல இருந்து வந்தா ஃபர்ஸ்ட் என்ன சொல்லுவே? டை எங்கே. முடி ஏன் இப்படி. ஷூவ அங்க ஏன் உட்டே. நான் தமிழ்ல பேசினா 'ழ' வரலைன்னு சொல்லுவே. நல்லா பேசினா ஒண்ணுமே சொல்ல மாட்டே."

"கம்முனு இருந்தா நல்லா இருக்குதுன்னு அர்த்தம் கண்ணு."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சும்மா, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். எங்கள் மேஜையில் மேனேஜர் ஒன்றும் சொல்லாமல் கடந்து போனால் அன்றைக்கு நல்ல நாள். என் அப்பா சோற்றைப் பிசைந்து வாய் பேசாமல் சாப்பிட்டு எழுந்தால் அம்மாவுக்குக் குழம்பு சரியாக வந்துவிட்டது என்று தெரியும். குறை இருந்தால்தான் குரல் வரும். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

இங்கே நேர்மாறு. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் "பிரில்லியண்ட்" என்கிறார்கள். சரியான சில்லறை கொடுத்தால் "லவ்லி". பஸ்ஸில் இருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொன்னால் "போய் வா மி டக்" என்பார். என் வாத்தே என்று அர்த்தம். நாம் கண்ணு என்பதுபோல இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எல்லோரும் வாத்து. முதல் வருஷம் இதெல்லாம் வெறும் வாய்ப் பேச்சு என்று நினைத்தேன். இப்போது உட்கார்ந்து கவனித்தால், இவர்கள் நாள் முழுக்க நல்ல பீஸ்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போகிறவர்கள் என்று தோன்றியது. கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினேன். நோட்டில் பாதி முடிந்துவிட்டது.

மல்லிகாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"பதினோரு வருசம் உனக்கு எதுத்தாப்பல நின்னேன். ஒரு நாளாச்சும் நல்லாப் பண்றே மல்லிகான்னு சொல்லியிருப்பியா?"

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

"அப்ப ரெண்டு பேரும் நல்ல பீஸுதான். உடு."

அதன் பிறகு நான் பயிற்சியை மாற்றினேன். ஒவ்வொரு நான்கை அடிக்கும்போதும் வாய்க்குள்ளே "இது நல்லாருக்குது" என்று சொல்லிக்கொண்டேன். மூன்றைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டேன். முதலில் வேகம் பாதியாகக் குறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு நாள் தாரணி படியிறங்கி வரும்போது, "இன்னைக்கு முடி நல்லாருக்குது கண்ணு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அம்மா, ஸ்டாப். ரொம்ப வியர்டா இருக்கு" என்றாள்.

மறுநாளும் அதே மாதிரிதான் வாரியிருந்தாள்.

5

இரண்டாவது பரீட்சைக்கு அதே கட்டடம், அதே அறை. புள்ளித் தாள்கள் வந்தன. மூன்றாம் பக்கம் திருப்பியதும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். இது நல்லாருக்குது, இது நல்லாருக்குது, என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். மத்தியானம் பெயர்களைப் படித்தார்கள். ஒன்பது பேரில் மூன்று பேரைத்தான் இருக்கச் சொன்னார்கள். நான் அதில் ஒருத்தி.

பிற்பகல் நேர்காணல். டயானும் இன்னொரு ஆளும் எதிரே. செந்திலும் நானும் பத்து நாள் உட்கார்ந்து தயாரித்த பதில்கள் என்னிடம் இருந்தன. மூழ்க இருந்த ஓர் ஏற்றுமதி ஆர்டரை நான் தனியாளாகக் கரை சேர்த்த கதை அதில் ஒன்று. என்னைத் தவிர வேறு யாரும் அதில் வேலை செய்யவில்லை என்பதுபோல எழுதியிருந்தோம்.

டயான் கேட்டார்: "கதவுகளை மூடிவிட்டாய். கிளம்பலாம் என்று டிரைவருக்கு மணி அடித்துவிட்டாய். மழை. ஒரு பெண் பிளாட்பாரத்தில் ஓடி வருகிறாள், உன்னைப் பார்த்துவிட்டாள். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம். என்ன செய்வாய்?"

"கதவைத் திறக்க மாட்டேன்" என்றேன். புத்தகத்தில் இருக்கிற பதில் அது.

"சட்டென்று சொல்கிறாயே. வாழ்க்கையில் அப்படி ஒரு நிலைமை உனக்கு வந்திருக்கிறதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏற்றுமதி ஆர்டருக்கு வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஆனால் அவர் மழை என்று சொன்னபோதே எனக்கு அந்தக் காலை கண்ணுக்குள் வந்துவிட்டது. தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன்.

கம்பெனி வேனில் கதவுப் பக்கத்து இடம் என்னுடையது. ஸ்டாப்பில் ஆளை எண்ணி ஏற்றி, கதவை இழுத்துச் சாத்தி, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் டிரைவர் எடுப்பார். பழனிச்சாமி அண்ணன் என்று பெயர். திரும்பிப் பார்க்க மாட்டார், என் தட்டை அவ்வளவு நம்புவார். ஒரு மழைக் காலையில் அவிநாசி ரோட்டு ஸ்டாப்பில் மல்லிகாவைக் காணோம். நேரமாகிவிட்டது. சாத்தினேன், தட்டினேன், வேன் நகர்ந்தது. அப்போதுதான் அவள் சாப்பாட்டுப் பையோடு ஓடி வருவதைப் பார்த்தேன். அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வருமா? கதவைத் திறந்து கையை நீட்டினேன். வா புள்ள, ஏறு ஏறு என்றேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். படியில் கால் வழுக்கியது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது.

"யாரைக் குற்றம் சொன்னார்கள்?" என்று அந்த இன்னொரு ஆள் கேட்டார்.

"டிரைவரை. ஆள் ஏறுவதைப் பார்க்காமல் எடுத்தார் என்று. எல்லோர் முன்னாலும் திட்டினார்கள். மல்லிகா ஈரத்தில் தானே வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். தட்டின பிறகு கதவைத் திறந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை."

அவர்கள் அடுத்த கேள்வி கேட்குமுன் நானே தொடர்ந்தேன்.

"அதற்குப் பிறகு நான் திறந்ததில்லை. ஓடி வந்தவர்கள் வேன் பின்னாலிருந்து திட்டுவார்கள், கல்நெஞ்சுக்காரி என்பார்கள். இங்கேயும் திறக்க மாட்டேன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று, அடுத்த வண்டி எப்போது என்று கையால் காட்டுவேன்."

டயான் ரொம்ப நேரம் எழுதினார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

வீட்டில் செந்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேலை கேக்கப் போன எடத்துல, நான் கதவத் தொறந்து ஒருத்தி கைய ஒடிச்சேன்னு எவளாச்சும் சொல்லுவாளா? அதும் கதவு மூடற வேலைக்கு?"

"கேட்டாங்க. சொல்லிப் போட்டேன்."

"எனக்கே நீ சொன்னதில்லையே சாந்தி."

அது உண்மை. அடுத்த நாலு நாளும் கிடங்கில் அந்தக் கருவி சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாகும் வரை இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

6

அஞ்சாம் நாள் இடைவேளையில் மின்னஞ்சல் வந்தது. வருந்துகிறோம் என்ற வார்த்தை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கண் தேடியது. இல்லை. உடல் பரிசோதனை, கண் பரிசோதனை முடிந்ததும் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கீழே டயான் தனியாக இரண்டு வரி சேர்த்திருந்தார். பலர் திறக்க மாட்டேன் என்று சொல்கிறார்கள், ஏன் திறக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று.

செந்திலுக்கு அனுப்பினேன். தாரணிக்கு அனுப்பினேன். தாரணி பதிலுக்கு ஒரே வார்த்தை எழுதியிருந்தாள், தமிழ் எழுத்தில்: நல்லாருக்குது.

மல்லிகாவுக்கு எழுத மனமில்லை. கூப்பிட்டேன். அங்கே பொழுது சாய்கிற நேரம், கம்பெனி விட்டு வேனில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் இந்தியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கெடச்சிருச்சு புள்ள."

"அட சாமி! அந்த ஒரம்பரைக்கார அம்மாளுக்குச் சொல்லிப் போடோணும். ரெண்டு மாடிதான?"

"மல்லிகா, அங்க உன்ற கை ஒடிஞ்சதச் சொன்னேன். நான் கதவத் தொறந்ததையும் சேத்துச் சொன்னேன்."

சண்டை மட்டும் கேட்டது.

"நான் உன்னைய ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள் கடைசியில்.

"நீ சொல்லியிருந்தா நான் அன்னைக்கே ஒத்துக்கிட்டிருப்பேன். நீ சொல்லாம உட்டதுலதான் இத்தன வருசம் ஆயிருச்சு."

"இப்பவும் துணி புழியறப்ப வலிக்கும் புள்ள. அப்பெல்லாம் உன்னையத் திட்டாம இருந்தேன்னு நெனச்சுக்காத. மனசுக்குள்ள நல்லாத் திட்டியிருக்கறேன்."

"திட்டு. இப்பத் திட்டு."

"வேன்ல எல்லாரும் இருக்கறாங்க, ஊட்டுக்குப் போயித் திட்டறேன்." சிரித்துவிட்டாள். "என்ற கைய ஒடிச்சு வாங்குன வேலை. ஒழுங்காப் பாரு."

"பாக்கறேன். பழனிச்சாமி அண்ணன் நம்பரு உங்கிட்ட இருக்குதா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"இருக்குது. அனுப்பறேன்" என்றாள். "நாளைக்கு வெடியால கூப்புடு. இப்ப வண்டி ஓட்டிக்கிட்டிருக்கறாரு, எடுக்க மாட்டாரு."